தூதன் ஓடாத சாலை

மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸ் நகருக்கு வரும் சாலையில் வேடிக்கை பார்க்க அதிகம் ஒன்றும் கிடையாது. பெட்ரோல் பங்க், டைல்ஸ் கடை, செடி நர்சரி, பழைய கார்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி விற்கும் இடம், மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் பாதி கட்டிய வீடு. நடுநடுவே ஆலிவ் மரங்கள். சுற்றுலாக்காரர்கள் இந்தப் பக்கம் தலை வைப்பது அபூர்வம். அவர்களுக்கு அக்ரோபோலிஸ் இருக்கிறது, தீவுகள் இருக்கின்றன. ஆனால் நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று இந்தச் சாலையை அடைத்துவிடுகிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்த ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலையில் பேருந்தேறி மாரத்தானில் போய் இறங்கி, வந்த வழியே ஓடித் திரும்புகிறார்கள். நாங்கள் நாலு பேரும் எங்கள் முதல் மாரத்தானை ஓடியது இங்கேதான்.

யோசனை மாஸ்டருடையது. அரசுப் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். டாக்டரம்மா குழந்தைகள் மருத்துவர். தம்பிக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை, வயது முப்பதைத் தொடவில்லை. எனக்குப் பம்ப்செட் வியாபாரம். கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் விடியற்காலையில் ஒருவரை ஒருவர் முந்திப்போய், பிறகு முந்தாமல் சேர்ந்து ஓடி, பிறகு டீக்கடை வரை பேசிக்கொண்டே போய், அப்படி உண்டான சிநேகம். முழு மாரத்தான் ஓடலாம் என்ற பேச்சு வந்தபோது நான் சென்னை என்றேன், தம்பி மும்பை என்றான். மாஸ்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஓடறதுன்னா அது பொறந்த ஊர்லயே போயி ஓடீர்லாமுங்க.”

டாக்டரம்மா அன்றைக்கே எதிர்த்தார். பாதையின் வரைபடத்தைக் கைபேசியில் விரித்து எங்கள் மூக்குக்கு நேரே காட்டினார். முதல் பத்துக் கிலோமீட்டர் சமதளம். அதற்குப் பிறகு முப்பத்தொன்று வரை ஏற்றம். இடையில் கொஞ்சம் இறங்கி ஆசை காட்டிவிட்டு, இறங்கியதைவிட அதிகமாக ஏறும். முதல் தடவை ஓடுகிறவன் பெர்லின் மாதிரித் தட்டையான ஊராகப் பார்த்துப் போவான், இங்கே போகமாட்டான் என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்தப் பாதை முதல் முறை ஓடுகிறவர்களுக்கு ஏற்றதல்ல. இன்றைக்கு யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன். ஆனால் மாஸ்டரின் ஆசையில் எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்படி என்னவோ இருந்தது.

எங்கள் தொழிலில் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்பதை ‘ஹெட்’ என்போம். மாரத்தான் கடலோர ஊர். பாதையின் உச்சி இருநூறு மீட்டருக்கும் மேலே. அவ்வளவு ஹெட்டுக்குச் சாதாரண மோனோபிளாக் மோட்டார் திணறிப்போகும். ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்டேஜ் அடுக்கிய சப்மெர்சிபிள்தான் ஏற்றும். பயிற்சியையும் அப்படியே அடுக்கினோம். ரேஸ்கோர்ஸின் தட்டைச் சுற்றை விட்டுவிட்டு, மருதமலை அடிவாரத்துக்கும் ஆனைகட்டிச் சாலைக்கும் மாறினோம். ஞாயிறு தோறும் ‘லாங் ரன்’. ஒரு வாரம் கொஞ்சம் கூட்டி, அடுத்த சில வாரம் நிலைநிறுத்தி, மறுபடியும் கூட்டி, முப்பதைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டோம். பந்தயத்துக்கு முன்னால் நாற்பத்திரண்டை ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று தம்பி துடித்தான். டாக்டரம்மா விடவில்லை. உடம்பு சேமித்துவைத்திருக்கும் கிளைகோஜன் ஏறத்தாழ இரண்டாயிரம் கலோரிக்குத்தான் தாங்கும், அது முப்பது கிலோமீட்டர் வாக்கில் வற்றும், அதற்கு மேல் ஓடிப் பழகுவதில் லாபத்தைவிடக் காயம் அதிகம் என்பது அவர் கணக்கு. தண்ணீர் விஷயத்திலும் கண்டிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களைச் சோதித்த ஆய்வில், நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்ததாம். தாகமில்லாமலே குடித்துத் தள்ளியதும் அதற்கு ஒரு காரணம். “தாகம் எடுத்தாக் குடிங்க. கடை கண்ட எடத்துல எல்லாம் குடிக்காதீங்க.”

ஷார்ஜா வழியாகப் பயணம். இரண்டாவது விமானத்தில்தான் மாஸ்டர் குண்டைப் போட்டார்.

எல்லோருக்கும் தெரிந்த கதை இது: கி.மு. 490-ல் மாரத்தான் சமவெளியில் பாரசீகப் படையை ஏதென்ஸ்காரர்கள் தோற்கடித்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல ஒரு தூதன் அங்கிருந்து ஏதென்ஸ் வரை ஓடினான், “வென்றோம்” என்று சொல்லிவிட்டு விழுந்து செத்தான். “அப்பிடி ஒருத்தன் ஓடுனதா ஹெரொடோட்டஸ் எழுதவே இல்லீங்க,” என்றார் மாஸ்டர். போர் நடந்து சில பத்தாண்டுகளுக்குள் அதைப் பற்றி விரிவாக எழுதியவர் ஹெரொடோட்டஸ். அவர் சொல்லும் ஓட்டக்காரன் பிலிப்பிடீஸ் போருக்கு முன்னால், உதவி கேட்டு, ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடியவன். கிட்டத்தட்ட 246 கிலோமீட்டர். மறுநாளே போய்ச் சேர்ந்தான். பௌர்ணமி வரும்வரை புறப்படுவது எங்கள் வழக்கமில்லை என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு இரண்டாயிரம் பேராக வந்து, செத்துக் கிடந்த பாரசீகர்களைப் பார்த்து, நன்றாகத்தான் சண்டை போட்டிருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

செய்தி சொல்லிவிட்டுச் செத்த தூதன் வருவது ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பிறகு. கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் அவனுக்கு வேறு பெயர்கள் சொல்கிறார். அடுத்து வந்த லூசியன்தான் பிலிப்பிடீஸின் பெயரை அதில் ஒட்டவைத்தார். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1879-ல் இரண்டு ஓட்டத்தையும் ஒரே ஆளின் தலையில் கட்டி ஒரு கவிதை எழுதினார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இந்தக் கதை மேல் ஒரு கிறக்கம். மிஷெல் பிரெயால் என்ற பிரெஞ்சு மொழியியல் அறிஞர், ஏதென்ஸில் நடக்கப்போகும் ஒலிம்பிக்கில் மாரத்தானிலிருந்து ஒரு ஓட்டம் வையுங்கள், ஜெயிக்கிறவனுக்கு நான் வெள்ளிக் கோப்பை தருகிறேன் என்றார். 1896-ல் வைத்தார்கள். உலகம் முழுக்க இன்று நடக்கும் மாரத்தான்களெல்லாம் அந்த ஒன்றின் வாரிசுகள்.

“அப்ப நாம எதுக்குங்க மாஸ்டர் போறோம்?” என்றான் தம்பி. டிக்கெட்டு, விசா, ஷூ என்று அவனுக்கு ஆன செலவு கண்ணுக்குள் நின்றிருக்கும்.

மாஸ்டர் அதற்கும் பதில் வைத்திருந்தார். தோற்ற பாரசீகர்கள் கப்பலேறி, சூனியோன் முனையைச் சுற்றிக்கொண்டு, காவலில்லாத ஏதென்ஸை அடிக்கக் கிளம்பினார்கள். இது தெரிந்ததும், சண்டை போட்டுக் களைத்திருந்த ஏதென்ஸ் படை முழுவதும், கால் எவ்வளவு வேகம் கொடுக்குமோ அவ்வளவு வேகமாக ஊரை நோக்கித் திரும்பியது. கப்பல்களுக்கு முன்னால் போயும் சேர்ந்தது. இது ஹெரொடோட்டஸிலேயே இருக்கிறது. “தனியா ஒருத்தன் ஓடுன வழி இல்லீங்க அது. கூட்டமா வந்த வழி. கேடயத்தையும் தூக்கிக்கிட்டு.”

உண்மையைச் சொன்னால், எனக்குத் தூதனின் சாவைவிட இந்தக் கதைதான் பிடித்திருந்தது. ஒருவன் செத்து விழுவதில் கவிதை இருக்கலாம். பல்லாயிரம் பேர் செத்து விழாமல் ஊர் வந்து சேர்ந்ததைப் பற்றி யாரும் கோப்பை வைத்துப் போட்டி நடத்தவில்லை. விமானம் இறங்குவதற்குள் ஒரு உடன்படிக்கை தயாராகிவிட்டது: உச்சியான ஸ்டாவ்ரோஸ் வரைக்கும், அதாவது முப்பத்தொன்று வரைக்கும், நாலு பேரும் ஒன்றாக ஓடுவது. அதற்குப் பிறகு அவரவர் கால் அவரவருக்கு.

ஏதென்ஸில் பந்தயத்துக்கு முந்தைய நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெஞ்சில் குத்தும் எண் அட்டை வாங்கப் போனோம், ‘பிப்’ என்பார்கள். சிந்தக்மா சதுக்கத்தில் தள்ளுவண்டிக்காரர் விற்கும் எள் தூவிய வளைய ரொட்டியை, கூலூரி என்று பெயர், மாஸ்டர் காலையும் மாலையும் தின்றார். அவர் சைவம், கிரீஸில் சைவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தக்காளிச் சாற்றில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சையும், கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டியும் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கிடைக்கும். கால் நோகும் என்று அக்ரோபோலிஸ் ஏறுவதற்கு டாக்டரம்மா தடை விதித்திருந்தார். கீழிருந்து பார்த்தோம்.

பந்தய நாள் விடியலில், இருட்டோடு, பேருந்துகள் வரிசையாகக் கிளம்பின. முதலில் ஒரே பேச்சும் சிரிப்பும். பேருந்து போய்க்கொண்டே இருந்தது. இன்னும் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரத்தையும் திரும்பி ஓட வேண்டும் என்பது ஒவ்வொருவர் தலையிலும் இறங்க இறங்க, பேச்சு குறைந்துபோனது. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு தடியான மனிதர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். தூக்கம் இல்லை அது.

மாரத்தான் ஊரின் சிறிய மைதானத்தில் ஒன்பது மணிக்குத் தொடக்கம். அதுவரை குளிர். தூக்கிப்போடுவதற்கென்றே கொண்டுவந்த பழைய ஸ்வெட்டர்களோடும், தலை நுழையும் அளவுக்குக் கிழித்த குப்பைப் பைகளோடும் எல்லோரும் நின்றார்கள். கழிப்பறை வரிசை மாரத்தானின் முதல் கட்டம் என்றே சொல்லலாம். தம்பி கடலை மிட்டாயைப் பங்கு வைத்தான். பக்கத்தில் நின்ற இத்தாலியப் பெண்மணி ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு, இது எந்த நிறுவனத்துத் தயாரிப்பு என்று அக்கறையாகக் கேட்டார். தம்பி கோவில்பட்டி என்றான்.

முதல் கிலோமீட்டர்களில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மெதுவாகப் போவது. அதைவிடக் கடினம் வேறில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் இரண்டு பக்கமும் தாண்டிப் போகிறார்கள். மாஸ்டர் முன்னால் நின்று எங்களை மாட்டைப் பிடிப்பதுபோல் பிடித்து வைத்திருந்தார். ஐந்தாவது கிலோமீட்டர் வாக்கில் பாதை நெடுஞ்சாலையை விட்டு விலகி, போரில் இறந்த ஏதென்ஸ்காரர்களைப் புதைத்த மண்மேட்டைச் சுற்றித் திரும்புகிறது. 192 பேர் என்கிறார் ஹெரொடோட்டஸ். பாரசீகர்களின் பக்கம் 6,400 என்கிறார். ஒன்பது மீட்டர் உயரமுள்ள புல் மூடிய மேடு. மரங்களுக்கு நடுவே தெரியும், கடந்துவிடும். நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. இந்த மேட்டுப் பக்கத்துத் தெருக்களில்தான் ஊர்ப் பாட்டிகள் தங்கள் தோட்டத்து ஆலிவ் கொப்புகளை ஒடித்து வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு நீட்டுகிறார்கள். டாக்டரம்மா ஒன்றை வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டார். கடைசி வரை அது விழவில்லை.

“பிராவோ! பிராவோ!” இதுதான் அன்று முழுக்கக் காதில் விழுந்த சத்தம். குழந்தைகள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். ஒரு கையைத் தவறவிட்டால் அந்தக் குழந்தையின் முகம் வாடுவது தெரியும். அதனால் மாஸ்டர் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வளைந்து வளைந்து ஓடி எல்லாக் கையையும் தட்டினார். நாற்பத்திரண்டு கிலோமீட்டரை விட அவர் அதிகமாகவே ஓடியிருப்பார்.

அடுத்து வருவது நியா மாக்ரி. 1920-களில் துருக்கிக் கரையிலிருந்து துரத்தப்பட்ட கிரேக்க அகதிகள் வந்து குடியேறி, விட்டுவந்த மாக்ரியின் பெயரையே புது ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். சற்றுத் தள்ளி மாட்டி. இங்கே மட்டும் கூட்டத்தின் சத்தம் வேறு மாதிரி ஒலித்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. 2018 ஜூலை 23 அன்று மலைப்பக்கம் பிடித்த தீ, பலத்த காற்றில் இந்த நெடுஞ்சாலையையே தாண்டிக் கடல்வரை போனது. குறுகிய சந்துகளில் கார்கள் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டன. கடலுக்கு வழி தெரிந்தவர்கள் தண்ணீரில் குதித்தார்கள். தெரியாதவர்கள் கரைமேட்டிலேயே கருகினார்கள். மொத்தம் இறந்தவர்கள் 104 பேர். தீ தாண்டிய அந்தத் தாரின் மேல்தான் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். மாஸ்டர் கூட இந்த இடத்தில் பாடம் நடத்தவில்லை.

ரஃபினாவைத் தாண்டியதும் ஏற்றம் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. வெயில் ஏறிவிட்டது. நவம்பர் வெயில்தான், நம் ஊரில் இதற்குக் குளிர்காலம் என்று பெயர். ஆனால் குளிருக்குத் தயாராகி வந்த ஐரோப்பியர்கள் சிவந்துபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது ஒரு சின்ன அனுகூலம். பிகெர்மியில் பாதித் தூரம். பழைய உயிர்களின் எலும்பைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய பெயர்: சுமார் எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒட்டகச்சிவிங்கி வகைகள், குதிரை வகைகள், குரங்குகள் என்று புதைபடிவங்கள் குவியலாகக் கிடைத்த இடம். 1896 பந்தயத்தில் வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ் நின்று ஒரு கோப்பை மது குடித்ததாகக் கதை சொல்வதும் இந்த ஊரில்தான். இங்கே எங்களுக்குக் கிடைத்தது பாதி வாழைப்பழம்.

லூயிஸ், ஏதென்ஸுக்கு வடக்கே மரூசியைச் சேர்ந்தவர், தண்ணீர் சுமந்து விற்றவர். அவருக்கு முன்னால் ஓடியவர்கள் பெரிய ஆட்கள்: அதே ஒலிம்பிக்கில் இரண்டு ஓட்டங்களை வென்றிருந்த ஆஸ்திரேலியர் எட்வின் ஃபிளாக், பிரெஞ்சுக்காரர் லெர்மூசியோ. ஏற்றத்தைக் கவனிக்காமல் வேகம் போட்ட இருவரையும் சாலை விழுங்கியது. லூயிஸ் இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் மைதானத்துக்குள் நுழைந்தபோது இளவரசர்கள் இறங்கி அவரோடு கூட ஓடினார்கள். பரிசாக என்ன வேண்டும் என்று அரசர் கேட்டதற்குத் தண்ணீர் இழுக்க ஒரு குதிரைவண்டி போதும் என்றாராம். பிரெயால் கொடுத்த அந்த வெள்ளிக் கோப்பை 2012-ல் லண்டன் ஏலத்தில் ஐந்தரை லட்சம் பவுனை நெருங்கிய விலைக்குப் போனது. லூயிஸ் பின்னாளில் ராணுவப் பத்திரங்களில் மோசடி செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்து, குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். நாடு கொண்டாடுவதற்கும் நாடு உள்ளே வைப்பதற்கும் அதிக தூரமில்லை.

அவர் ஓடிய மறுநாள் இதே சாலையில் ஒரு பெண் தனியாக ஓடினார். ஸ்டமாடா ரெவிதி, கைக்குழந்தைக்காரி, ஏழை. ஆண்களோடு ஓட விடவில்லை. அதனால் மாரத்தான் ஊர்ப் பெரியவர்களிடம் புறப்பட்ட நேரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பி, ஐந்தரை மணி நேரத்தில் ஏதென்ஸ் வந்து சேர்ந்தார். மைதானத்துக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்பதற்குப் பதிவே இல்லை. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்தது 1984-ல், லாஸ் ஏஞ்சலஸில். பள்ளினி ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே மாஸ்டர் இதைச் சொல்ல, “அந்தம்மாவுக்கு ஒரு கோப்பையும் யாரும் வெக்கலையாக்கும்,” என்றார் டாக்டரம்மா. அதோடு தன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டார். நாங்கள் மூவரும் பின்னால் தடுமாறினோம்.

தனியாக இந்தச் சாலையைக் கடந்த இன்னொருவர் கிரிகோரிஸ் லம்ப்ராகிஸ். மருத்துவர், நாடாளுமன்ற உறுப்பினர். நீளம் தாண்டுதலில் கிரேக்க தேசிய சாதனையை இருபது ஆண்டுகளுக்கும் மேல் கையில் வைத்திருந்தவர். 1963 ஏப்ரலில் மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்குச் சமாதான ஊர்வலம் போக முயன்றவர்களைப் போலீஸ் தடைசெய்து பிடித்துப்போனது. உறுப்பினர் என்ற பாதுகாப்பு அவருக்கு இருந்தது. பதாகையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி தான் ஒருவராக நடந்தார். அடுத்த மாதமே தெசலோனிகியில் ஒரு கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவரை அடித்துப்போட்டார்கள். சில நாளில் இறந்தார். கோஸ்டா-கவ்ராஸ் எடுத்த ‘இசட்’ படம் அந்தக் கொலையைப் பற்றியதுதான். ஏதென்ஸ் மாரத்தானை இன்றைக்கும் அவர் நினைவுக்குத்தான் அர்ப்பணித்து நடத்துகிறார்கள். ஓடாத தூதனின் பெயரால் ஓடுகிறோம் என்று தம்பி அலுத்துக்கொண்டானே, நிஜமாகவே இந்தச் சாலையை அளந்தவர்கள் இவர்கள்.

தம்பிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது கெராகஸ் நெருங்கும்போது. நாலு பேரிலும் வேகமானவன் அவன். இவ்வளவு நேரம் எங்கள் மந்தமான ‘பேஸ்’ அவனுக்கு ஒத்துப்போகவில்லையோ என்னவோ. ஓரமாக உட்காரப் போனவனை டாக்டரம்மா உட்காரவிடவில்லை. “கண்ணு, உக்காந்தா எந்திரிக்க மாட்டே. நட.” உப்பு மாத்திரை, தண்ணீர், காலை நீட்டி மடக்கல். ஸ்டாவ்ரோஸ் உச்சிவரை நாலு பேரும் நடந்தோம். உடன்படிக்கை உடன்படிக்கைதான். உச்சியில் அவன் சொன்னான்: “நீங்க போங்ணா. நான் வந்தர்றேன்.”

போனோம். இந்த இடத்தில் நண்பனை விட்டுப் போகலாமா என்று வீட்டில் பலர் கேட்டார்கள். போகலாம். போவதுதான் சரி. முப்பத்தொரு கிலோமீட்டர் ஓடிய தொடையை வைத்துக்கொண்டு, இறக்கத்தில் இன்னொருவர் வேகத்துக்குக் கட்டுப்பட்டுப் போவது இரண்டு பேரின் முட்டிக்கும் கேடு. கூட நிற்பதில் கொஞ்சம் தியாகப் பெருமையும் கலந்திருக்கும். அதைச் சுமக்க வேண்டியவன் பின்தங்கியவன்தான். தம்பிக்கு வலித்தது கால். அதற்கு மேல் எங்கள் மூன்று பேர் முகத்தையும் அவன் பார்த்துக்கொண்டே வர வேண்டுமா?

இறக்கம் சுகம் என்று நினைப்பவர்கள் ஸ்டாவ்ரோஸிலிருந்து ஓடிப் பார்க்க வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அது நீண்டுகொண்டே இழுபடும் வேலை, தசை இழைகள் கிழிவது அதில்தான். மெசோகியோன் நெடுஞ்சாலை அகலமானது, இருபுறமும் அலுவலகக் கட்டடங்கள், இடது பக்கம் இமித்தோஸ் மலை. முப்பத்தைந்தைத் தாண்டும் இடத்தில் 2004 ஒலிம்பிக் நினைவுக்கு வந்தது. முன்னணியில் போய்க்கொண்டிருந்த பிரேசில்காரர் வான்டர்லெய் டி லிமாவை ஒருவர் பாய்ந்து வந்து கூட்டத்துக்குள் தள்ளியது இந்தப் பகுதியில்தான். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிரேக்கர் அவரை விடுவித்துச் சாலைக்குத் திருப்பி அனுப்பினார். தங்கம் போனது, மூன்றாவதாக வந்த அவர் மைதானத்துக்குள் விமானம்போல் கையை விரித்துச் சிரித்துக்கொண்டே ஓடினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் போகும் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு, அது மறைந்தால் அடுத்த முதுகு.

நாற்பதைத் தாண்டியதும் மாஸ்டர் மறுபடி கிடைத்தார். தோள் தொங்கிப்போய் நடந்துகொண்டிருந்தார். 1896-ல் என்றால் பந்தயம் இவ்வளவு தூரத்திலேயே முடிந்திருக்கும் என்றேன். ஆமாங்க, லண்டன்காரர்கள் செய்த வேலை என்றார். 1908-ல் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று வைத்ததில் வந்த தூரம்தான் 42.195. 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அரசர் வீட்டு வசதிக்காக இரண்டு கிலோமீட்டர் அதிகமாக ஓடுகிறோம் என்ற கோபத்தில் மாஸ்டர் மறுபடி ஓடத் தொடங்கினார். சாலையோரம் பச்சைக் கண்ணாடித் தகடுகளை அடுக்கிச் செய்த பிரம்மாண்டமான ஓட்டக்காரன் சிலை ஒன்று நிற்கிறது. கோஸ்டாஸ் வரோட்சோஸ் செய்தது. பார்க்கிறவருக்கு அது வேகம். எனக்கு அன்று அதன் ஒவ்வொரு தகடும் தனித்தனியாக வலிப்பதுபோல் இருந்தது.

கடைசித் திருப்பம் ஹெரோடஸ் அட்டிகஸ் தெரு. அவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பெரும் பணக்காரர், பிறந்தது மாரத்தானில். ஏதென்ஸ் மைதானத்தை முழுக்கப் பெண்டெலி மலைச் சலவைக்கல்லால் கட்டிக்கொடுத்தவர் அவரே. பிறகு அது சிதைந்து, தோண்டியெடுக்கப்பட்டு, 1896-க்காக ஆவெரோஃப் என்ற வணிகர் பணத்தில் மறுபடி வெள்ளைக் கல்லாக எழுந்தது. தெருவின் முனையில் அந்த வெள்ளை திடீரென்று திறக்கிறது. இரண்டு பக்கமும் கல் படிகளில் ஜனம், நடுவே கறுப்பு ஓடுதளம். டாக்டரம்மா எங்களுக்கு முன்பே முடித்துவிட்டு, கொண்டையில் ஆலிவோடு, தடுப்புக்கு அப்பால் நின்று “மாஸ்டர், கையை வீசுங்” என்று கத்திக்கொண்டிருந்தார். மாஸ்டர் அழுதுகொண்டே கையை வீசினார். ஐந்து மணி நேரம் தாண்டியிருந்தது. ரெவிதியின் நேரத்தைச் சற்று முந்தியிருந்தோம். அவரிடம் ஜெல்லும் இல்லை, இந்த ஷூவும் இல்லை என்று டாக்டரம்மா உடனே நினைவூட்டினார்.

தம்பி வர ரொம்ப நேரமானது. எட்டு மணி நேர அவகாசம், அதனால் பயமில்லை. வந்தபோது அவன் தனியாக இல்லை. தாடி வைத்த ஒரு கிரேக்கப் பெரியவர், முகம் முழுக்கச் சிரிப்பு, அவன் தோளில் கைபோட்டு வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை கூடப் புரியாமல் இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்களாம். ஹோலார்கோஸில் பெரியவரின் மகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, அங்கே ஆரஞ்சுப் பழமும் காபியும் ஆனதாம். எங்கள் மூவரைவிட அவன்தான் ஏதென்ஸைப் பார்த்திருந்தான்.

மறுநாள் மெட்ரோ படிகளில் பின்பக்கமாக இறங்கும் ஆட்களை நகரமெங்கும் பார்க்கலாம். ஒருவரையொருவர் அடையாளம் கண்டு சிரித்துக்கொள்வார்கள். நாங்கள் பேதியோன் அரேயோஸ் பூங்கா அருகிலிருந்து ஊர்ப் பேருந்தேறி மறுபடி மாரத்தானுக்குக் கிளம்பினோம். மண்மேட்டை ஓடிக்கொண்டே பார்த்தது மாஸ்டருக்குப் போதவில்லை.

பேருந்து ஸ்டாவ்ரோஸைத் தாண்டியதும் தம்பி தன் வழக்கை எடுத்தான். படையே கூட்டமாகத் திரும்பியது என்றீர்களே, என்னை மட்டும் விட்டுவிட்டு வந்தீர்களே என்றான். மாஸ்டர் கொஞ்சமும் அசரவில்லை. “பத்துப் பிரிவுல ஒம்பதுதான் கண்ணு ஊருக்குத் திரும்புச்சு. அரிஸ்டைடிஸ்னு ஒரு தளபதி, அவரோட ஆளுங்க மட்டும் கைதிகளையும் கொள்ளைப் பொருளையும் காவல் காத்துக்கிட்டு அங்கயே நின்னாங்க. புளூடார்க் எழுதியிருக்காரு.”

“அப்ப நான் அரிஸ்டைடிஸ் கோஷ்டிங்க.”

“அவரு காவலுக்கு நின்னாரு,” என்றார் டாக்டரம்மா. “நீ காபிக்கு நின்னே.”

பேருந்து பிகெர்மியைக் கடக்கும்வரை இந்த வழக்கு முடியவில்லை.